குடும்ப நினைவுகளுக்கு ஒரு குதிர்

நெல் விளையும் வீட்டில் அதைச் சேமிக்கக் குதிர் இருந்தது. ஆனால் அடுத்த பருவத்துக்கு வேண்டிய விதைநெல்லை யாரும் குதிரில் கொட்டி வைக்கவில்லை. அதை வைக்கோலால் சுற்றி, கோட்டையாகக் கட்டி, வேறோர் இடத்தில் தனியே வைத்தார்கள். இப்படித் தனியே வைத்தால், குதிருக்கு எலி வந்தாலும் தீப்பற்றினாலும் விதை பிழைக்கும்.

இன்று நம் வீடுகளில் வேறு ஒரு விளைச்சல் பெருகி வருகிறது. திருமணப் படங்கள், குழந்தை முதலில் நடந்த காட்சி, தாத்தாவின் குரல் பதிந்த பழைய ஒலிநாடா, மதிப்பெண் சான்றிதழின் நகல் ஆகிய யாவும் எண்களாக மாறிக் கைபேசிகளில் குவிகின்றன. அந்தக் கைபேசி கிணற்றுக்குள் விழுந்தால் அத்தனையும் போயிற்று. ஆகவே பல குடும்பங்கள் வீட்டிலேயே ஒரு சேமிப்புக் கணினி வைத்துக்கொள்ள நினைக்கின்றன. அது எப்படி வேலை செய்கிறது, அதை விலைக்கு வாங்குவதா, நாமே அமைப்பதா, அது எதைக் காக்கும், எதைக் காக்காது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சர்வர் என்பது யாது?

சர்வர் என்றவுடன் குளிரூட்டிய அறையும் பெரிய இரும்பு அலமாரிகளும் நினைவுக்கு வரலாம். உண்மையில் கேட்பவருக்குக் கேட்டதை எடுத்துத் தரும் எந்தக் கணினியும் சர்வர்தான். வீட்டுச் சர்வருக்குத் திரையோ விசைப்பலகையோ தேவையில்லை. ஒரு சிறிய கணினி, ஒன்றோ இரண்டோ ஹார்டு டிஸ்க், வீட்டிலுள்ள ரவுட்டருடன் இணைக்க ஒரு கம்பி ஆகியவை போதும். அக்கா கைபேசியிலிருந்து படங்களை அனுப்பினால் அது வாங்கி வைத்துக்கொள்ளும். அப்பா தொலைக்காட்சியில் பழைய பாட்டைக் கேட்டால் எடுத்துக் கொடுக்கும். இந்தப் போக்குவரத்து வீட்டுக்குள்ளேயே நடப்பதால் இணையம் இல்லாத நேரத்திலும் தடைபடாது.

எவ்வளவு இடம் வேண்டும்?

கடைக்குச் செல்லுமுன் கணக்குப் போட வேண்டும். காந்திகிராமத்துக்கு அருகே, சின்னாளப்பட்டியில் மூன்று கைபேசிகள் உள்ள ஒரு குடும்பம் இருப்பதாகக் கொள்வோம்.

மூன்றிலுமாக மாதம் 900 படங்கள் எடுக்கிறார்கள். ஒரு படம் 4 மெகாபைட். எனவே மாதத்துக்கு 3.6 ஜிகாபைட், ஆண்டுக்கு 43 ஜிகாபைட். வீடியோ மாதத்துக்கு 60 நிமிடம். நல்ல தெளிவுள்ள கைபேசி வீடியோ ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 மெகாபைட் பிடிக்கும். எனவே மாதத்துக்கு 7.8 ஜிகாபைட், ஆண்டுக்கு 94 ஜிகாபைட். இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 137 ஜிகாபைட்.

இனி ஒலிநாடாக்களைப் பார்ப்போம். ஒலியைக் குறுந்தகட்டின் தரத்தில் எண்ணாக்கும்போது ஒரு நொடியில் 44,100 முறை அதன் உயரம் அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவுக்கும் 2 பைட். இடம், வலம் என இரண்டு தடங்கள். 44,100 × 2 × 2 = 1,76,400 பைட். ஒரு மணி நேரத்துக்கு இதனை 3,600-ஆல் பெருக்க, 635 மெகாபைட் வரும். ஐம்பது நாடாக்களுக்கு ஏறத்தாழ 32 ஜிகாபைட்.

பத்து ஆண்டுகளுக்கு எல்லாம் சேர்ந்து 1,400 ஜிகாபைட், அதாவது 1.4 டெராபைட். ஆகவே 2 டெராபைட் தட்டு இக்குடும்பத்துக்குப் பத்தாண்டு போதும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று 8 அல்லது 16 டெராபைட் வாங்குவதைவிட, அதே பணத்தில் இரண்டு மூன்று சிறிய தட்டுகள் வாங்குவது அறிவுடைமை. காரணம் பின்னால் விளங்கும்.

இங்கே ஓர் ஐயம் எழும். 2 டெராபைட் என்று வாங்கிய தட்டைக் கணினியில் இணைத்தால் சில சமயம் 1.82 என்றே காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தட்டு செய்பவர் ஒரு டெராவை 10-இன் 12-ஆம் அடுக்காக எண்ணுகிறார். கணினியோ 2-இன் 40-ஆம் அடுக்காக எண்ணுகிறது. பின்னது முன்னதைவிட ஏறத்தாழப் பத்து விழுக்காடு பெரியது. அளவு ஒன்றே, அளக்கும் படிதான் வேறு.

தட்டின்மேல் பறக்கும் தலை

முதல் காந்தத் தட்டுச் சேமிப்புக் கருவியை அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் வெளியிட்டது. காந்திகிராம கிராமிய நிறுவனம் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அக்கருவியில் இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் சுழன்றன. எடை ஒரு டன்னுக்கு மேல். அது கொண்டது 50 லட்சம் எழுத்துகள். ஓர் எழுத்துக்கு 6 பிட் என்று கணக்கிட்டால் 3.75 மெகாபைட். நம் கைபேசிப் படம் ஒன்றுகூட அதில் முழுதாக அடங்கியிராது!

இன்றைய ஹார்டு டிஸ்க்கின் அடிப்படையும் அதுவே. வழவழப்பான தட்டின்மீது கோபால்ட் கலந்த மெல்லிய காந்தப் படலம் பூசப்பட்டிருக்கும். அதன்மேல் எழுதும் தலை ஒரு நுண்ணிய மின்காந்தம். மின்னோட்டம் ஒரு திசையில் பாய்ந்தால் கீழேயுள்ள சிறு பகுதி ஒருவிதமாகக் காந்தமாகும். திசையை மாற்றினால் எதிர்விதமாகும். இவ்விரு நிலைகளைக் கொண்டே 0, 1 என்ற எண்கள் குறிக்கப்படுகின்றன.

எழுதியதைப் படிப்பது இதைவிடக் கடினம். பகுதி சிறிதாகச் சிறிதாக அதன் காந்தப்புலமும் மெலியும். இதற்கு வழி காட்டியவர்கள் ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் குருன்பெர்க் ஆகிய இரு இயற்பியலறிஞர்கள். சில அணுக்களின் தடிமனே உள்ள உலோகப் படலங்களை அடுக்கினால், சிறு காந்தப்புலமும் அவற்றின் மின்தடையைப் பெரிதும் மாற்றுவதை அவர்கள் 1988-இல் தனித்தனியே கண்டறிந்தார்கள். அதற்கு 2007-இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்விளைவு வட்டுத் தலைகளில் புகுந்த பிறகே சேமிப்பளவு பன்மடங்கு உயர்ந்தது.

வீட்டுச் சேமிப்புக்கான தட்டுகள் பலவும் நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது நொடிக்கு 90 சுற்று சுழல்கின்றன. தட்டின் விட்டம் 9.5 சென்டிமீட்டர், சுற்றளவு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். எனவே விளிம்பின் வேகம் நொடிக்கு 27 மீட்டர், மணிக்கு 97 கிலோமீட்டர். திண்டுக்கல்–மதுரை நெடுஞ்சாலையில் விரையும் பேருந்தின் வேகத்துக்கு இது குறைந்ததன்று. இந்த வேகத்தில் உண்டாகும் காற்றோட்டத்தின்மேல் தலை மிதக்கிறது. தலைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டரே. ஒரு தலைமயிரின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இப்போது இரண்டு உண்மைகள் புலப்படும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை இடிப்பதும் நகர்த்துவதும் ஏன் கூடாது என்பது ஒன்று. இத்தகைய நுட்பமான பொறி என்றேனும் ஒருநாள் பழுதாகியே தீரும் என்பது மற்றொன்று. அசையும் உறுப்பு இல்லாத எஸ்.எஸ்.டி.யும் பென் டிரைவும் இதற்கு மாற்றாகுமா? அவை மின்னூட்டத்தைச் சிறைப்படுத்தி எண்களைக் காக்கின்றன. மின்னிணைப்பின்றிப் பல்லாண்டு பெட்டியில் கிடந்தால் அம்மின்னூட்டம் மெல்லக் கசியும். ஆகவே அவையும் அழியாப் பொருள்கள் அல்ல.

புளியங்கொட்டைக் கணக்கு

ஒரு தட்டு பழுதானாலும் தகவல் பிழைக்க வேண்டும். இதற்கு எளிய வழி, இரண்டு தட்டுகளிலும் ஒன்றையே எழுதுவது. கண்ணாடிப் பிம்பம் போன்றது என்பதால் இதனை 'மிரர்' முறை என்பர். ஆனால் இதில் பாதி இடம் செலவாகிவிடும். மூன்று தட்டுகள் இருந்தால் இதனினும் சிக்கனமான வழி ஒன்று உண்டு. இத்தகைய முறைகளை ஒழுங்குபடுத்தி, ரெய்டு என்ற பெயரில் விளக்கும் கட்டுரையைக் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் 1988-இல் வெளியிட்டனர்.

தாயம் ஆடப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்குவோம் அன்றோ? வெள்ளை 1, கறுப்பு 0 என்று கொள்வோம். 'அ' என்ற தட்டுக்கு நான்கு கொட்டைகளை 1 0 1 1 என்று வையுங்கள். அதன் கீழே 'ஆ' தட்டுக்கு 0 1 1 0 என்று வையுங்கள். மூன்றாம் வரிசை 'இ'. ஒவ்வொரு நெட்டு வரிசையிலும் வெள்ளைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வருமாறு இதனை நிரப்ப வேண்டும். முதல் நெட்டு வரிசையில் ஒரே வெள்ளை. எனவே இன்னொரு வெள்ளை வையுங்கள். மூன்றாவதில் ஏற்கெனவே இரண்டு, எனவே கறுப்பு. இவ்வாறு நிரப்பினால் 'இ' வரிசை 1 1 0 1 ஆகும்.

இனி உங்கள் நண்பர் 'அ' வரிசையைக் கலைத்துவிடட்டும். எஞ்சிய இரண்டு வரிசைகளைப் பார்த்து, எண்ணிக்கை இரட்டைப்படை ஆகுமாறு நிரப்பிக்கொண்டே வாருங்கள். 1 0 1 1 அப்படியே மீண்டு வரும். 'ஆ'வைக் கலைத்தாலும் மீட்கலாம். 'இ'யைக் கலைத்தாலும் மீட்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு வரிசைகள் கலைந்தால் மீட்க முடியாது. மூன்று தட்டு வாங்கி, இரண்டு தட்டின் இடத்தைப் பயன்படுத்தி, எந்த ஒரு தட்டின் பழுதையும் தாங்குகிறோம். கோடிக்கணக்கான பிட்டுகளுக்கு இதே கணக்கைத்தான் சர்வர் ஓயாமல் போட்டுக்கொண்டிருக்கிறது.

இரண்டு தட்டு இருந்தும் இழப்பது ஏன்?

கணக்குக்காக, ஒரு தட்டு ஓர் ஆண்டில் பழுதாகும் வாய்ப்பு 100-இல் 2 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் அதே ஆண்டில் பழுதாகும் வாய்ப்பு, பெருக்கல் விதிப்படி, 10,000-இல் 4. அதாவது 2,500-இல் 1. இதைப் பார்த்து, 'இனிக் கவலையில்லை' என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

பெருக்கல் விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு என்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இரு நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். ஒரே பெட்டிக்குள், ஒரே மின்கம்பியில் இருக்கும் இரு தட்டுகள் அப்படியானவை அல்ல. ஓர் இடி இரண்டையும் கருக்கும். ஒரு திருடன் பெட்டியோடு எடுத்துச் செல்வான். சென்னையில் 2015 டிசம்பரில் வந்ததுபோன்ற வெள்ளம் புகுந்தால் வீட்டிலுள்ள அத்தனை தட்டுகளும் ஒன்றாக நனையும். மனிதப் பிழையும் உண்டு. தங்கை தவறுதலாக ஒரு படத்தொகுப்பை அழித்தால், கண்ணாடிப் பிம்பமும் அதே நொடியில் அழிந்துவிடும். ஆகவே ரெய்டு என்பது தட்டுப் பழுதுக்கு மட்டுமே காப்பு. அது விதைக்கோட்டை அன்று.

இதன் உண்மையைத் தமிழர் வரலாறு நமக்கு வலியோடு உணர்த்தியுள்ளது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறு ஊர்களில் பிரதி இருந்த நூல்களைப் பின்னர் மீண்டும் தேடிச் சேர்க்க முடியும். அங்கு மட்டுமே இருந்த சுவடிகள் மறைந்தே போயின. பிற்காலத்தில், 2005-இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணாக்கி வருகிறது. எரிவதற்கு முன் இப்படிச் செய்யும் வழி இருந்திருந்தால் என்று எண்ணாதவர் யார்?

ஓலைச்சுவடியின் ஆயுள் சில நூறு ஆண்டுகளே. அதைவிடப் பழமையான சங்கப் பாடல்கள் நமக்குக் கிடைத்தது எவ்வாறு? ஓலை செல்லரிக்குமுன் யாரோ ஒருவர் புதிய ஓலையில் படி எடுத்தார். அந்தப் படிகள் வெவ்வேறு ஊர்களில் இருந்தன. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, பல இடத்துச் சுவடிகளைச் சேர்த்து ஒப்பிட்டே பிழை நீக்கினார்.

வீட்டுச் சேமிப்புக்கு மேலும் நெருங்கிய எடுத்துக்காட்டு ரோஜா முத்தையா. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த அவர், பழைய நூல்களையும் இதழ்களையும் பல்லாண்டு காலம் தேடிச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பின்னர், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அத்தொகுப்பு 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. அங்கு நூல்கள் நுண்படமாக எடுக்கப்பட்டன. ஒரு தனி மனிதரின் தொகுப்பு, பிரதி எடுக்கப்பட்டதால் எல்லாருக்கும் உரிய செல்வமாயிற்று.

பிரதிகளை ஒப்பிடுவதற்குச் சர்வரிலும் ஏற்பாடு உண்டு. ஒரு படத்தின் இரு பிரதிகள் வேறுபட்டால் எது சரி? மளிகைக் கடைச் சீட்டின் அடியில் கூட்டுத்தொகை இருந்தால், நடுவில் ஓர் எண் மாறியதை நாம் கண்டுபிடித்துவிடுவோம். அதுபோல ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிட்டு எழுதி வைக்கப்படுகிறது. பின்னாளில் மீண்டும் கணக்கிட்டு, எந்தப் பிரதியில் எண் பொருந்துகிறதோ அதுவே சரியானது என்று கொள்ளலாம். இசட்.எஃப்.எஸ். போன்ற கோப்பு முறைகள் இதனைத் தாமே செய்கின்றன.

வாங்குவதா, அமைப்பதா?

கடையில் கிடைக்கும் ஆயத்தப் பெட்டியை நாஸ் என்பர். இரண்டு தட்டுகளைச் செருகி, ரவுட்டருடன் இணைத்து, கைபேசிச் செயலி வழியாக அமைத்துவிடலாம். சத்தம் குறைவு, மின்செலவும் குறைவு. விலை அதிகம் என்பதும், பழுதானால் உதிரிப்பாகம் எளிதில் கிட்டாது என்பதும் குறைகள்.

நாமே அமைப்பதானால் வீட்டில் சும்மா கிடக்கும் கணினியே போதும். தமிழ்நாட்டுப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு 2011 முதல் அரசு வழங்கிய மடிக்கணினிகள் பல வீடுகளில் பரணில் உள்ளன. படங்களை வாங்கி வைத்து எடுத்துத் தரும் வேலைக்கு அவற்றின் வேகம் தாராளம். லினக்ஸ் அடிப்படையிலான ஓபன்மீடியாவால்ட், படமும் பாட்டும் காட்டும் ஜெல்லிஃபின் போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. மடிக்கணினியின் மின்கலம் நல்ல நிலையில் இருந்தால் மின்வெட்டிலும் கைகொடுக்கும். ஆனால் மின்கலம் உப்பியிருந்தால் அதைத் தொடாமல் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். தீப்பற்றும் அபாயம் உண்டு.

கற்றுக்கொள்ளும் ஆர்வமும் நேரமும் உள்ள வீட்டில் அமைப்பதே நன்று. அமைத்தவர் வெளியூர் படிக்கச் சென்றபின் அம்மாவால் அதைத் திறக்க முடியாது என்றால் வாங்குவதே நன்று. எதுவாயினும் கடவுச்சொல்லையும் இயக்கும் முறையையும் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். சர்வரை இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். வீட்டுக்குள் மட்டும் பயன்படட்டும்.

மின்சாரமும் வெப்பமும்

சர்வர் நாள் முழுதும் ஓடுவது. சிறு பெட்டி 15 வாட் எடுப்பதாகக் கொண்டால், 60 நாளில் 15 × 24 × 60 = 21,600 வாட்-மணி, அதாவது 21.6 யூனிட். பழைய மேசைக் கணினி 60 வாட் எடுத்தால் 86.4 யூனிட். 2016-இல் தமிழக வீடுகளுக்கு விலையின்றி அறிவிக்கப்பட்ட அளவு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். அதில் பெரும்பங்கை ஒரு பழைய கணினியே விழுங்கிவிடும் அல்லவா? இலவசமாகக் கிடைத்த கணினி என்றாலும் அதை ஓட்டுவது இலவசமன்று.

மின்வெட்டின்போது தட்டுக்கு என்ன ஆகிறது? மின்சாரம் நின்றவுடன், சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் இயக்க ஆற்றலைக் கொண்டே அதன் மோட்டார் மின்னாக்கியாக மாறி, தலையைப் பத்திரமான இடத்துக்கு நகர்த்திவிடுகிறது. தட்டு தப்பும், ஆனால் பாதி எழுதப்பட்ட கோப்பு தப்பாது. இதற்கு யு.பி.எஸ். உதவும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலத்தில் 84 வாட்-மணி ஆற்றல் உண்டு. இழப்புகள் போகப் பாதி பயன்பட்டாலும் 15 வாட் சர்வர் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

தகரக் கூரைக்கும் கல்நார்க் கூரைக்கும் கீழே, பரண்மேல் சர்வரை வைக்காதீர்கள். நம் சமவெளியின் சித்திரை வெயிலில் அங்கு அனல் தேங்கும். வெப்பக்காற்று மேலெழும் ஆதலால் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், பின்புறம் காற்றோட்டம் உள்ள இடமே சிறந்தது. ஐப்பசி இடிமழை தொடங்குமுன்பே சர்வரை நிறுத்தி, மின்செருகியை மட்டுமன்றி ரவுட்டருக்குச் செல்லும் கம்பியையும் கழற்றிவிடுங்கள். இடியின் தாக்கம் அதன் வழியாகவும் வரும்.

விதைக்கோட்டை கட்டும் முறை

இனி முடிவுக்கு வருவோம். ஒவ்வொரு நினைவுக்கும் மூன்று பிரதிகள் இருக்கட்டும். ஒன்று சர்வரில். இரண்டாவது, யு.எஸ்.பி. வழியே இணைக்கும் தனித் தட்டில். மாதம் ஒருமுறை படி எடுத்ததும் அதைக் கழற்றி அலமாரியில் வைக்க வேண்டும். கழற்றி வைத்த தட்டை இடியும் தாக்காது, தவறுதலாக அழிப்பவரும் அழிக்க முடியாது. மூன்றாவது, வேறு ஊரில். ஒட்டன்சத்திரத்தில் அத்தை வீடு இருந்தால், பொங்கலுக்குப் போகும்போது ஒரு தட்டைக் கொண்டு போய் வைத்துவிட்டு, தீபாவளிக்கு அதை மாற்றிக்கொண்டு வரலாம்.

இணையத்தின் வழியே அனுப்பலாமே எனலாம். அனுப்பும் வேகம் நொடிக்கு 10 மெகாபிட் என்றால், அது 1.25 மெகாபைட். ஒரு டெராபைட் போய்ச் சேர 8,00,000 நொடி, அதாவது ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். அதே தட்டு துணிப்பையில் பேருந்தேறினால் சில மணி நேரத்தில் சேர்ந்துவிடும்! முதல் முறை பேருந்திலும், பின்னர் சேரும் சிறு பகுதிகளை இணையத்திலும் அனுப்புவது பொருத்தம்.

ஆண்டுக்கு ஒருமுறை அத்தை வீட்டுத் தட்டிலிருந்து பத்துப் படங்களைத் திறந்து பாருங்கள். முளைக்குமா என்று சோதிக்காத விதையை நம்பி வயலை உழக் கூடாது. பணம் குறைவாக இருந்தால் சர்வரைத் தள்ளிப் போடலாம். இரண்டாம் பிரதியைத் தள்ளிப் போடக் கூடாது. தாத்தாவின் குரல் உள்ள நாடா உங்கள் வீட்டில் இருந்தால், அதை எண்ணாக்கி இரண்டு இடங்களில் வைக்கும் வேலையை இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள். காந்த நாடாவும் ஆண்டுதோறும் மங்கிக்கொண்டே போகிறது.

விடை காணுங்கள்

1. ஒரு சர்வர் 25 வாட் எடுக்கிறது. 60 நாளில் எத்தனை யூனிட் செலவாகும்?

2. நொடிக்கு 125 மெகாபைட் செல்லும் கம்பியில் 500 ஜிகாபைட் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

3. 'அ' தட்டில் 1 1 0 0, 'இ' தட்டில் 1 0 1 0 உள்ளன. பழுதான 'ஆ' தட்டில் இருந்தது என்ன?

விடைகள்: 1. 36 யூனிட். 2. 4,000 நொடி, அதாவது 1 மணி 6 நிமிடம் 40 நொடி. 3. 0 1 1 0.